எம்.ஆர்.ஐ. அறையில் ‘காந்தத்தில் ஒட்டுமா?’ என்று மட்டும் கேட்டால் போதாது

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கும் காந்தம் அணைவதில்லை. கடைசி நோயாளி போய்விட்டார், கன்சோலை மூடியாயிற்று, விளக்கையும் அணைத்தாயிற்று, ஏன், கரண்டே போய்விட்டது என்றாலும் அது முழு பலத்தோடு அங்கேயேதான் இருக்கும். இந்த அறையில் வேலை பார்க்கும் நாங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலுக்காமல் சொல்லும் விஷயம் இது. அப்படியும் பலர் மனதில் நிற்பதில்லை, ஏனென்றால் சத்தம் நின்றுவிட்டால் மெஷினும் நின்றுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்கேன் நடக்கும்போது கேட்கும் அந்தத் தடதட சத்தம் வேறு ஒரு காயிலிலிருந்து, அதாவது கம்பிச் சுருளிலிருந்து வருவது. பெரிய காந்தம் எந்தச் சத்தமும் போடாது. ஸ்கேன் இல்லாத நேரத்தில் அறைக்குள் போனால் ஒரே தாளத்தில் ‘கீச்… கீச்…’ என்று கேட்குமே, அதுகூடக் காந்தத்தின் சத்தம் இல்லை, ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பத் திரவமாக்கும் குளிர்விப்பானின் சத்தம்.

ஏன் அணைவதில்லை என்பதற்குக் காரணம் எளிமையானது. பெரும்பாலான மெஷின்களில் காந்தம் என்பது நையோபியம்-டைட்டானியம் கலந்த கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றிய காயில். அதைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை என்பதே கிடையாது. மெஷினை நிறுவும்போது பல நூறு ஆம்பியர் மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றி, சுற்றை உள்ளுக்குள்ளேயே மூடி, வெளி இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். அன்று ஏற்றிய அதே மின்சாரம் ஆண்டுக்கணக்கில் தேயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவரில் இருக்கும் ஸ்விட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குளிர்விப்பான் நின்றால் ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அவ்வளவுதான், காந்தப்புலம் அப்போதும் இருக்கும். சில திறந்த அமைப்பு மெஷின்களில் நிரந்தரக் காந்தத்தையே வைத்திருப்பார்கள், அதை அணைக்க வழியே கிடையாது.

அதன் பலம் எவ்வளவு? காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. சாதாரணமாக மருத்துவமனைகளில் இருக்கும் மெஷின் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. அதாவது பூமியைப் போல முப்பதாயிரம், அறுபதாயிரம் மடங்கு. இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் ஆபத்தைப் புரிந்துகொள்ள இது மட்டும் போதாது என்பது என் கருத்து. இரும்பை இழுப்பது காந்தப்புலத்தின் அளவு மட்டுமல்ல, அது இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும்தான். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும் புலத்துக்குள் ஒரு இரும்பாணியை வைத்தால் அது திரும்பி நிற்கும், ஆனால் எந்தப் பக்கமும் நகராது. நோயாளி படுக்கும் குழாயின் நடு மையத்தில் புலம்தான் அதிகம், இழுவை ஏறக்குறைய இல்லை. இழுவை உச்சத்தில் இருப்பது குழாயின் வாயருகில், நோயாளியின் தலையோ காலோ இருக்கும் அதே இடத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாயருகில் புலம் மீட்டருக்கு 5 டெஸ்லா என்ற அளவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இது நடைமுறையில் இருக்கக்கூடிய அளவுதான். அந்த இடத்தில் முழுதாகக் காந்தமேறிய இரும்பு தன் எடையைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு விசையோடு இழுக்கப்படும். பத்து கிலோ சிலிண்டர் என்றால் ஒரு டன். எத்தனை பேர் பிடித்தாலும் அதை நிறுத்த முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, வெளியாட்களுக்கு அதிகம் தெரியாதது. பழைய காந்தங்களின் புலம் அறையைத் தாண்டி வெகுதூரம் பரவும். இப்போது வருபவற்றில் வெளிப்புறமாக எதிர்த்திசையில் மின்சாரம் ஓடும் இன்னொரு காயிலைச் சுற்றி, வெளியே கசியும் புலத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். பக்கத்து அறைகளுக்கு நல்லதுதான். ஆனால் அப்படிச் சுருக்கியதால் புலம் படிப்படியாக ஏறுவதில்லை, திடீரென்று ஏறுகிறது. 1.5 டெஸ்லா மெஷினில் மையத்திலிருந்து நீளவாக்கில் சுமார் 4 மீட்டர் தள்ளிப் புலம் 0.5 மில்லிடெஸ்லாதான் (டெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா). மையத்துக்கு வந்தால் அதைப் போல மூவாயிரம் மடங்கு. பாக்கெட்டில் கத்தரிக்கோலோடு உள்ளே நடந்து வரும் ஒரு செவிலியருக்குக் கதவருகில் ஒன்றும் தெரியாது, அடுத்த இரண்டு அடியிலும் தெரியாது, ‘ஒன்றும் இல்லையே’ என்று தைரியம் வந்து இன்னும் ஒரு அடி வைக்கும்போது கத்தரிக்கோல் பாக்கெட்டில் இருக்காது. முன்கூட்டி எச்சரிக்காத ஆபத்து இது. அதனால்தான் உள்ளே போய் மெதுவாகச் சோதித்துப் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கே இங்கே இடம் இல்லை, எல்லாக் கேள்வியையும் கதவுக்கு வெளியிலேயே கேட்டு முடிக்க வேண்டும்.

நடந்த மரணங்கள் இதைத்தான் காட்டுகின்றன. 2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேனுக்காகப் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் மேல் ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து வந்து மோதி, அவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரை ஸ்கேனுக்கு அழைத்து வந்தவர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உயிரிழந்தார். மெஷின் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2025 ஜூலையில் மறுபடியும் நியூயார்க் மாநிலத்தில், உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் ஒன்பது கிலோ அளவுக்கு இரும்புச் சங்கிலி அணிந்திருந்த ஒருவர், ஸ்கேன் முடிந்த மனைவி எழுந்திருக்க உதவ உள்ளே போனபோது இழுக்கப்பட்டு இறந்தார். இறந்த மூவரில் இருவர் நோயாளிகளே இல்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பிலும் கையிலும் என்ன உலோகம் இருக்கிறது என்று கேட்கும் படிவத்தை நோயாளி மட்டும் நிரப்பினால் போதும் என்று நினைக்கிற இடங்களில் எனக்கு வரும் பயம் இதுதான். கூட வருகிறவர், தரையைத் துடைக்க வருகிறவர், ஏ.சி. பழுதுபார்க்க வருகிறவர், தீயணைப்பு வீரர், எல்லோருக்கும் அதே காந்தம்தான்.

சரி, இதுவரை சொன்னது ஒரு கேள்விதான்: இழுக்குமா? பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். “தம்பி, இது தங்க மோதிரம், காந்தம் இழுக்காது, எதுக்குக் கழட்டச் சொல்றீங்க?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அவர் சொல்லும் இயற்பியலும் சரி. ஆனால் அந்தக் குழாய்க்குள் இருப்பது ஒரு காந்தப்புலம் அல்ல, மூன்று. பெரிய நிலையான புலம் ஒன்று, ரேடியோ அலை ஒன்று, நொடிக்குப் பல நூறு முறை மாறும் சரிவுப்புலம் ஒன்று. ஒவ்வொன்றும் உலோகத்தை வேறு மாதிரி தொடும். இது புரிய வேண்டுமென்றால் படம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன், ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் மிகச்சிறிய காந்தம். வெளியே இருக்கும்போது அவை கண்டபடி பல திசையில் நிற்கும். பெரிய காந்தத்துக்குள் வந்ததும் புலத்தின் திசையோடு சேர்ந்து நிற்பவை கொஞ்சம் கூடும், எதிராக நிற்பவை கொஞ்சம் குறையும். எவ்வளவு கூடும் தெரியுமா? 1.5 டெஸ்லாவில், உடம்பின் வெப்பத்தில், பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய ஐந்து. மீதி எல்லாம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். அந்த ஐந்தை நம்பித்தான் இத்தனை பெரிய மெஷின். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரிலேயே அந்தக் கூடுதல் கணக்கு மூன்று கோடி கோடியைத் தாண்டும், அதனால் படம் கிடைத்துவிடுகிறது. காந்தம் ஏன் இவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது, புலம் இரட்டிப்பானால் இந்தக் கூடுதலும் இரட்டிப்பாகும்.

புரோட்டான்கள் சும்மா நிற்பதில்லை, புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டியபடி சுழலும். அந்த வேகம் புலத்தைப் பொறுத்தது, ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நாலேகால் கோடிச் சுற்றுக்கு மேல். 1.5 டெஸ்லாவில் சுமார் 64, 3 டெஸ்லாவில் சுமார் 128. இது ரேடியோ அலை வரிசை. பண்பலை ரேடியோ 88இலிருந்து 108 வரை, அதற்குச் சற்றுக் கீழே ஒன்று, சற்று மேலே ஒன்று. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால்தான் உயரப் போகும் என்பது போல, சரியாக அந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால்தான் புரோட்டான்கள் ஆற்றலை வாங்கிக்கொண்டு சாயும். செலுத்துவதை நிறுத்தியதும் அவை திரும்பி வரும்போது மிக மெல்லிய சமிக்ஞை ஒன்றைக் கொடுக்கும், அதைக் காயில் பிடிக்கிறது. கொழுப்பு, தண்ணீர், கட்டி, வீக்கம் என்று ஒவ்வொன்றிலும் அவை திரும்பிவரும் நேரம் வேறு, படத்தில் தெரியும் கறுப்பு வெள்ளை வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். அந்த மெல்லிய சமிக்ஞையில் வெளி ரேடியோ கலந்துவிடாமல் இருக்கத்தான் அறை முழுவதும் செப்புத் தகடு பதித்திருக்கும், கதவை அழுத்தி மூடச் சொல்வதும் அதற்குத்தான். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் எங்கும் இல்லை. கேட்பவர்களிடம் இதை நான் எப்போதும் தெளிவாகச் சொல்லிவிடுவேன், அந்தப் பயத்தோடு யாரும் உள்ளே படுக்க வேண்டாம்.

ஆனால் ரேடியோ அலை சூடாக்கும். செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி உடம்பில் வெப்பமாகத்தான் போகிறது. அதற்கு வரம்பு உண்டு: சாதாரண முறையில் முழு உடம்புக்குக் கிலோவுக்கு 2 வாட். எழுபது கிலோ மனிதருக்கு 140 வாட், சும்மா படுத்திருக்கும்போது உடம்பே உண்டாக்கும் வெப்பத்தைவிட அதிகம். உங்கள் எடையைச் சரியாகக் கேட்டு மெஷினில் பதிவது இந்தக் கணக்குக்காகத்தான், தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள். வெப்பம் உடம்பு முழுக்கப் பரவினால் வியர்த்து, ரத்த ஓட்டம் கூடி, சமாளித்துவிடும். ஓரிடத்தில் குவிந்தால்தான் வினை. மின்சாரம் கடத்தும் எதுவும் ஒரு வளையமாக அமைந்துவிட்டால் அதற்குள் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டும், வளையம் தொட்டும் தொடாமலும் இருக்கும் மெல்லிய இடத்தில் அந்த மின்னோட்டம் தோலைச் சுடும். அது இரும்பா தங்கமா என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை, செம்பு கடத்தும், அலுமினியம் கடத்தும், தங்கம் நன்றாகவே கடத்தும்.

நோயாளியின் உடம்பும் கடத்தும். எம்.ஆர்.ஐ. விபத்துகளில் அதிகம் பதிவாவது சிலிண்டர் பறப்பதல்ல, இந்தத் தீக்காயம்தான். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு படுத்தால் தோள், கை, விரல் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். தொடையும் தொடையும் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு வளையம். உலோகமே இல்லாமல் வெறும் தோலும் தோலும் தொட்ட இடத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. டெக்னீஷியன் உங்கள் கையைப் பிரித்து வைத்து, கால்களுக்கு நடுவே ஒரு துணியையோ பஞ்சுத் திண்டையோ செருகினால் அது உங்கள் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல, அதை நகர்த்திவிடாதீர்கள். ஈ.சி.ஜி. வயரைச் சுருட்டி விடாமல் நேராக, தோலில் படாமல் இழுத்து விடுவதும் இதற்காகவே. தோலில் ஒட்டும் வலி மருந்துப் பட்டைகள் சிலவற்றில் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அலுமினியப் படலம் உண்டு. வியர்வை நாற்றம் வராத துணி என்று விற்கும் உடைகள் சிலவற்றில் வெள்ளி இழை ஓடும். ‘இது வெறும் காட்டன்தானே’ என்று சொன்னாலும் உடையை மாற்றச் சொல்கிறோமே, அதற்கு இதுதான் காரணம். உள்ளே ஏதாவது ஓரிடம் சுடுகிற மாதிரி இருந்தால் ஸ்கேன் முடியட்டும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், எங்களைக் கூப்பிடக் கையில் கொடுத்திருக்கும் பந்தை உடனே அழுத்துங்கள்.

மூன்றாவது புலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிய, பெரிய புலத்தின் மேல் ஒரு சிறு சரிவை ஏற்படுத்துகிறார்கள், அப்போது இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். 1973இல் பால் லாட்டர்பர் இப்படிப் படமெடுக்கும் வழியைக் காட்டினார், அதை வேகமாகச் செய்யும் வழிகளில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு உழைத்தார், இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சரிவுக் காயில்களில் மின்சாரம் சட்சட்டென்று மாறும்போது பெரிய காந்தம் அவற்றை உதறுகிறது, அந்த அதிர்வுதான் தடதட சத்தம். அது 100 டெசிபெலைத் தாண்டும், ஆகவே காதடைப்பான் கட்டாயம். சிலருக்கு முதுகிலோ கையிலோ தசை துடிப்பது போல இருக்கும், வேகமாக மாறும் புலம் நரம்பைத் தூண்டுவதால் வருவது அது, ஸ்கேன் நின்றதும் போய்விடும்.

இப்போது உடம்புக்குள் இருக்கும் உலோகத்துக்கு வருவோம். இதில்தான் ‘ஒட்டுமா?’ என்ற ஒற்றைக் கேள்வி மிகவும் ஏமாற்றும். மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய காலத்துக் கிளிப் சிலவற்றில் காந்தம் ஈர்க்கும் எஃகு இருந்தது. அவை இழுபடுவதைவிடத் திரும்புவதுதான் பயங்கரம், நீளமான எந்தப் பொருளும் புலத்தின் திசையில் நிற்கப் பார்க்கும், கிளிப் கொஞ்சம் திரும்பினாலே ரத்தக்குழாய் கிழியும். 1990களின் தொடக்கத்தில் அப்படி ஒரு நோயாளி இறந்தார். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துணுக்கு அவர்களுக்கே தெரியாமல் தங்கியிருக்கலாம். 1980களில் ஒருவர் அப்படிப் பார்வையை இழந்திருக்கிறார். “வெல்டிங் வேலை பார்த்திருக்கிறீர்களா?” என்று சம்பந்தமில்லாமல் கேட்பதாகச் சிலர் நினைக்கிறார்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இதுதான். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.

டைட்டானியம் இழுபடாது. அதனால் டைட்டானியம் என்றால் கவலையே இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. எலும்பில் பதித்த திருகுக்கும் தகடுக்கும் அது பெரும்பாலும் சரி. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்கு அது சரியல்ல, அதன் பெட்டி டைட்டானியம்தான், சிக்கல் பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரில். நீளமான வயர் ஆன்டெனா போல நடந்துகொள்ளும், முனை இதயத் தசைக்குள் இருக்கும், சூடு அங்கே குவியும். ரேடியோ அலையின் நீளம் உடம்புக்குள் 1.5 டெஸ்லாவில் அரை மீட்டர் அளவு, 3 டெஸ்லாவில் அதில் பாதி. வயரின் நீளம் அந்த அலையில் பாதிக்குப் பக்கத்தில் வந்தால் சூடு அதிகம். ஆகவே 3 டெஸ்லாவில் பாதுகாப்பானது என்று சோதித்த ஒரு சாதனம் 1.5இல் தானாகவே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. குறைந்த பலம் என்றால் குறைந்த ஆபத்து என்று தோன்றும், இந்த இடத்தில் அது தவறு.

அதனால்தான் சாதனங்களின் மேல் மூன்று குறிகள். பச்சைச் சதுரம் இருந்தால் எந்த எம்.ஆர்.ஐ.யிலும் பிரச்சினை இல்லை. சிவப்பு வட்டம் இருந்தால் உள்ளே வரக்கூடாது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் மட்டும், எத்தனை டெஸ்லா, எவ்வளவு ரேடியோ ஆற்றல், எந்த உறுப்பு, எத்தனை நிமிடம் என்று எல்லாம் எழுதியிருக்கும். இன்றைய பேஸ்மேக்கர்கள் பல மஞ்சளில் வருபவை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரும் அந்தச் சின்ன அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், மாடல் எண் இல்லாமல் எங்களால் எதையும் தேடிப் பார்க்க முடியாது. மூளையில் நீர் வடிய வைத்த ஷன்ட் வால்வு காந்தத்தால் அளவு மாற்றக்கூடிய வகை என்றால், ஸ்கேனுக்குப் பிறகு அதன் அளவு மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் இருப்பவர் ஸ்கேன் எடுக்காவிட்டாலும் மெஷினைச் சுற்றிக் குறித்திருக்கும் பாதுகாப்பு எல்லைக் கோட்டைத் (பல இடங்களில் 5 காஸ், அதாவது 0.5 மில்லிடெஸ்லா) தாண்டி அனுமதியில்லாமல் போகக்கூடாது.

இத்தனையும் மீறி ஒருவர் காந்தத்தில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? சுவரில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், குவென்ச். அதை அழுத்தினால் உள்ளே ஒரு சூடேற்றி கம்பியின் ஒரு பகுதியைச் சூடாக்கும், அந்த இடத்தில் மின்தடை வரும், அதனால் இன்னும் சூடாகும், காந்தத்தில் இருந்த ஆற்றல் முழுக்க வெப்பமாகி ஹீலியத்தைக் கொதிக்க வைக்கும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பத்தில் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகும். அது கூரைக் குழாய் வழியாக இரைச்சலோடு வெளியே போக வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அறைக்குள் நிறைந்து ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், அழுத்தம் கூடி உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாமல் போகலாம். பெரிய செலவு, பல நாள் மெஷின் கிடையாது. அதனால் வீல்சேர் ஒட்டிக்கொண்டது என்பதற்காக யாரும் அழுத்தக்கூடாது, பொறியாளர் வந்து முறையாகப் புலத்தை இறக்குவார். மனிதர் நசுங்கிக்கொண்டிருந்தால் ஒரு நொடியும் யோசிக்கக்கூடாது. 2014இல் நவி மும்பையில் சிலிண்டருக்கும் மெஷினுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இரண்டு ஊழியர்கள் நான்கு மணி நேரம் போல அப்படியே இருக்க வேண்டி வந்தது, குவென்ச் பொத்தான் வேலை செய்யவில்லை. அந்தப் பொத்தானின் இணைப்பும் மேலே போகும் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது ஏட்டில் கையெழுத்துப் போடுவதற்கான வேலை அல்ல.

அப்புறம், மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. ஸ்கேன் நடக்கும்போது நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் குவென்ச் அழுத்தக்கூடாது, புலம் முழுதாக இறங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், அந்த நேரம் நம்மிடம் இல்லை. மார்பை அழுத்திக்கொண்டே மேடையை வெளியே இழுத்து, காந்தம் ஈர்க்காத ஸ்ட்ரெச்சரில் மாற்றி, நோயாளியை அறைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். அவசரத்தில் ஓடி வரும் குழுவின் கையில் சிலிண்டர் இருக்கும், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் இருக்கும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் இருக்கும், அவர்களில் பலருக்கு இந்த அறை புதிது. நோயாளி வெளியே வந்ததும் முதல் வேலை காந்த அறைக் கதவைச் சாத்துவது. ஒருவர் அந்தக் கதவை அடைத்து நிற்க வேண்டும், டாக்டரே வந்தாலும் உள்ளே விடக்கூடாது. யார் நிற்பது என்பதை அன்றைய ஷிஃப்ட் தொடங்கும்போதே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.